அடுத்த ஜோர்டான் யார் என்று கேட்பதற்கு முன்

2003 ஏப்ரல் 16, பிலடெல்பியா. மைக்கேல் ஜோர்டான் தன் வாழ்க்கையின் கடைசி என்.பி.ஏ. ஆட்டத்தை ஆடினார். வயது 40. அவருடைய அணி தோற்றுக்கொண்டிருந்தது. அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எதிரணியின் ரசிகர்கள். அவர்களே அவர் பெயரைச் சொல்லிக் கூவி, பெஞ்சில் இருந்தவரை மறுபடி களத்துக்கு வரவைத்தார்கள். அவர் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டுவிட்டு வெளியேறினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, 18 வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அந்த லீக்குக்கு வந்தான். பெயர் லெப்ரான் ஜேம்ஸ். அதற்கும் ஓராண்டுக்கு முன்பே ஒரு முன்னணி விளையாட்டு இதழ் அவனை 'தேர்ந்தெடுக்கப்பட்டவன்' என்று அட்டையில் போட்டிருந்தது. அப்போது அவன் பதினோராம் வகுப்பு மாணவன்.

அன்று தொடங்கி இன்றுவரை கூடைப்பந்து உலகம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஜோர்டான்தான் எக்காலத்திலும் சிறந்தவரா? அப்படியென்றால் அவருக்கு அடுத்தவர் யார்? கொரோனா ஊரடங்கு நாட்களில் ஜோர்டானைப் பற்றிய 'தி லாஸ்ட் டான்ஸ்' ஆவணத் தொடர் வெளிவந்தபோது நம் நண்பர்களில் பலரும் இரவு முழுக்க விழித்திருந்து பார்த்தார்கள். பிறகு அதே சண்டை. ஜோர்டானா, லெப்ரானா?

இந்தச் சண்டையை நான் கேலி செய்யப் போவதில்லை. இது வெட்டிப் பேச்சு இல்லை. ஒருவரை 'மகத்தானவர்' என்று நாம் சொல்லும்போது எதை எண்ணுகிறோம், எதை எண்ணாமல் விடுகிறோம் என்பது அரசியல். அந்த அரசியலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைப் பார்ப்போம்.

ஜோர்டானின் கணக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆடுகளத்தில் ஜோர்டான் செய்ததைக் குறைத்துக் காட்டுவது என் நோக்கமல்ல. அப்படிச் செய்யவும் முடியாது.

வடக்கு கரோலினாவின் வில்மிங்டனில் வளர்ந்தவர். பள்ளியில் இரண்டாம் ஆண்டில் முதன்மை அணிக்குத் தேர்வாகவில்லை. இளையோர் அணியில் ஆட வைத்தார்கள். 1984-இல் என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது அவர் மூன்றாவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். அங்கிருந்து சிகாகோ புல்ஸ் அணிக்கு 6 சாம்பியன் பட்டங்கள். 6 முறை இறுதிச்சுற்றுக்குப் போனார், 6 முறையும் வென்றார், 6 முறையும் இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் அவரே. 5 முறை லீக்கின் மிகச் சிறந்த வீரர். 10 முறை அதிகப் புள்ளி எடுத்தவர். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 30 புள்ளிக்கு மேல்.

இதையெல்லாம் விட என்னை வியக்க வைப்பது 1987-88 சீசன். அந்த ஒரே சீசனில் அவர் அதிகப் புள்ளி எடுத்தவர், மிகச் சிறந்த வீரர், மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர் என மூன்று விருதையும் வாங்கினார். தாக்குதலில் சிறந்தவர்கள் தடுப்பில் ஓய்வெடுப்பது வழக்கம். இவர் இரண்டு முனையிலும் ஓடினார்.

சரி. ஆனால் அதே கணக்குப் புத்தகத்தின் இன்னொரு பக்கத்தையும் புரட்டுங்கள். முதல் மூன்று சீசன்களில் ஜோர்டானின் புல்ஸ் பிளே-ஆஃபில் ஆடிய 10 ஆட்டங்களில் வென்றது 1. தோற்றது 9. அதில் ஒன்றில், 1986-இல் பாஸ்டனுக்கு எதிராக, அவர் தனியாளாக 63 புள்ளி எடுத்தார். அணி தோற்றது. தனியொருவர் எவ்வளவு உயரம் எழும்பினாலும் எவ்வளவு தூரம்தான் போக முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

1987-இல் ஸ்காட்டி பிப்பனும் ஹொரேஸ் கிராண்டும் வந்தார்கள். 1989-இல் பில் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளரானார். டெக்ஸ் விண்டர் என்ற மூத்த உதவிப் பயிற்சியாளர் முக்கோண ஆட்ட முறையைக் கொண்டுவந்தார். பந்து ஒருவர் கையிலேயே தேங்காமல் ஐந்து பேரிடமும் சுற்றி வரவேண்டும் என்பதே அதன் சாரம். ஜோர்டான் முதலில் அதை விரும்பவில்லை. பிறகு ஏற்றார். 1991-இல் முதல் கோப்பை வந்தது.

1993-இல் தந்தை கொலை செய்யப்பட்ட சில மாதங்களில் ஜோர்டான் விலகி பேஸ்பால் ஆடப் போனார். அவர் இருந்த முந்தைய சீசனில் புல்ஸ் வென்றது 57 ஆட்டங்கள். அவர் இல்லாத அந்தச் சீசனில் வென்றது 55. இரண்டே ஆட்டங்கள்தான் குறைவு. கோப்பை கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 'ஒரு மனிதனின் அணி' என்ற கதை பொய் என்பதும் உண்மை.

அந்த 55 வெற்றிகளுக்கு முன்னின்றவர் பிப்பன். ஆர்கன்சாவின் சிறு ஊரில் 12 பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பம். தந்தை பக்கவாதத்தில், அண்ணன் ஒருவர் சக்கர நாற்காலியில். நாளை அடிபட்டால் குடும்பம் என்னாகும் என்ற பயத்தில், குறைந்த சம்பளத்துக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். 1997-98-இல், உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரான அவர், சொந்த அணிக்குள்ளேயே சம்பளத்தில் ஆறாவது இடத்தில் இருந்தார். பேரம் பேசும் சக்தி திறமையிலிருந்து மட்டும் வருவதில்லை. வீட்டில் எத்தனை பேர் உன் வருமானத்தை நம்பியிருக்கிறார்கள் என்பதிலிருந்தும் வருகிறது. களப்பணியில் இதை நான் தினமும் பார்க்கிறேன்.

எண்ணப்படாத மனிதர்

ஜோர்டானுக்கு 6 கோப்பை என்றால், பில் ரஸ்ஸலுக்கு 11. ஆடியது 13 சீசன்கள். அதில் 1959 முதல் 1966 வரை தொடர்ச்சியாக 8. தொடரின் முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம் அவருக்கு 10 முறை வந்தது. பத்திலும் வென்றார்.

அப்படியிருந்தும் 'எக்காலத்திலும் சிறந்தவர்' பட்டியலில் அவர் பெயர் மரியாதைக்காக மட்டும் சொல்லப்படுவது ஏன்? காரணம் எளிது. ரஸ்ஸலின் ஆட்டம் தடுப்பாட்டம். எதிரி எறியும் பந்தை வானிலேயே தட்டி, அதை வெளியே அனுப்பாமல் தன் தோழர் கைக்கே போகச் செய்வார். அங்கிருந்து தாக்குதல் தொடங்கும். ஆனால் அப்படித் தடுத்த பந்துகளை லீக் அதிகாரப்பூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1973-74-இல்தான். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969. அவருடைய தலைசிறந்த வேலைக்குப் பதிவேடே கிடையாது. இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருதும் அவருடைய கடைசி ஆண்டான 1969-இல்தான் அறிமுகமானது. அதையும் தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்குக் கொடுத்தார்கள். 2009-இல் அந்த விருதுக்கே ரஸ்ஸலின் பெயரைச் சூட்டினார்கள். விருதை வாங்காதவரின் பெயரில் விருது!

எதை எண்ணுவது என்று முடிவு செய்பவர்கள்தான் யார் பெரியவர் என்பதையும் பாதி முடிவு செய்துவிடுகிறார்கள். சமூகவியல் வகுப்பில் நான் படித்த இந்தப் பாடத்தை எனக்குத் தெளிவாக விளக்கியவர் ரஸ்ஸல்தான்.

எதிர்வாதமும் உண்டு. ரஸ்ஸல் நுழைந்தபோது லீக்கில் 8 அணிகள்தான். ஜோர்டான் நுழைந்தபோது 23. கோப்பை வெல்வது அன்று எளிது என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அந்த லீக் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறுப்பின வீரர்களுக்குக் கதவு திறந்ததே 1950-இல். சக் கூப்பர், நாட் கிளிஃப்டன், ஏர்ல் லாயிட் ஆகிய மூவர் அந்த ஆண்டு நுழைந்தார்கள். ஓர் அணியில் இத்தனை கறுப்பர்கள்தான் என்ற எழுதப்படாத வரம்பு இருப்பதாக ரஸ்ஸலே தன் ஆரம்ப ஆண்டுகளில் வெளிப்படையாகச் சொன்னார். ஐந்து பேரும் கறுப்பினத்தவராக ஓர் அணி ஆட்டத்தைத் தொடங்கியது 1964 டிசம்பரில்தான். அந்த அணி ரஸ்ஸலின் பாஸ்டன் செல்டிக்ஸ்.

1961 அக்டோபரில் கென்டக்கியின் லெக்சிங்டனில் ஒரு காட்சி ஆட்டம். வீரர்கள் தங்கியிருந்த விடுதியின் காபிக் கடையில் ரஸ்ஸலின் சக கறுப்பின வீரர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். ரஸ்ஸலும் மற்ற கறுப்பின வீரர்களும் ஆடாமல் விமானம் ஏறினார்கள். வெள்ளை வீரர்கள் ஆடினார்கள். 1963-இல் மிசிசிப்பியில் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ரஸ்ஸல் அங்கே போய் கறுப்பு வெள்ளைக் குழந்தைகளைச் சேர்த்து வைத்துக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். 1967 ஜூனில், வியட்நாம் போருக்குப் போக மறுத்த முகமது அலிக்கு ஆதரவாக கிளீவ்லாந்தில் கூடிய வீரர்களில் அவரும் ஒருவர். முந்தைய ஆண்டுதான் அவர் செல்டிக்ஸின் பயிற்சியாளராகி, என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆகியிருந்தார்.

இதற்கு அந்த ஊர் தந்த பரிசு என்ன? பாஸ்டனுக்கு அருகே ரெடிங்கில் இருந்த அவர் வீட்டுக்குள் புகுந்து, பொருள்களை உடைத்து, சுவரில் இழிசொல் எழுதி, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். ஊருக்கு 11 கோப்பை கொண்டுவந்த மனிதரின் படுக்கையில். 1972-இல் அவருடைய 6-ஆம் எண் சட்டையை அரங்கில் ஏற்றியபோது, ரசிகர்கள் இல்லாத நேரத்தில் ஏற்றச் சொன்னார். 1975-இல் புகழரங்கில் சேர்த்தபோது விழாவுக்குப் போகவில்லை. தனக்கு முன்னே மற்றவர்கள் வந்திருக்க வேண்டும் என்றார். 2019-இல் சக் கூப்பர் சேர்க்கப்பட்ட பிறகே அதற்கான மோதிரத்தைப் பெற்றுக்கொண்டார். 44 ஆண்டுக் காத்திருப்பு. தோழர்களே, 'எனக்கு முன்னே யார்?' என்று கேட்ட மனிதர் அவர். 'எனக்குப் பின்னே யார்?' என்ற கேள்வியிலேயே ஊறிப்போன நம் காலத்துக்கு அந்தக் கேள்வி எவ்வளவு அந்நியமாக ஒலிக்கிறது, பாருங்கள்!

சங்கம் கட்டியவர்கள்

1964 ஜனவரி 14. பாஸ்டனில் ஆல்-ஸ்டார் ஆட்டம். நாடு முழுவதும் நேரடித் தொலைக்காட்சி ஒளிபரப்பு. வீரர்கள் உடைமாற்றும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஓய்வூதியத் திட்டத்துக்கு உறுதி தராவிட்டால் ஆடமாட்டோம். உள்ளே ரஸ்ஸல், ஆஸ்கர் ராபர்ட்சன், எல்ஜின் பெய்லர், ஜெர்ரி வெஸ்ட், வீரர் சங்கத் தலைவர் டாம் ஹெய்ன்சன். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக. முதலாளிகள் மிரட்டினார்கள். கதவு திறக்கவில்லை. லீக் தலைவர் உறுதி தந்த பிறகே ஆட்டம் தொடங்கியது.

ராபர்ட்சனை ஒரு முழு சீசனில் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் சராசரி இரட்டை இலக்கம் தொட்ட முதல் வீரராகத்தான் பலருக்கும் தெரியும். அவருடைய பெரிய சாதனை நீதிமன்றத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அணியின் சொத்துதான். விருப்பப்பட்ட இடத்துக்குப் போக முடியாது. சங்கத் தலைவராக ராபர்ட்சன் 1970-இல் லீக் மீது வழக்குப் போட்டார். 1976-இல் சமரசத்தில் முடிந்தது. வீரர்கள் அணி மாறும் உரிமைக்கான கதவு அதில்தான் திறந்தது.

1997-98-இல் ஜோர்டான் ஒரே சீசனுக்கு 3.3 கோடி டாலர் வாங்கினார். 2010-இல் லெப்ரான் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போனார். இரண்டுக்கும் அடியில் இருப்பது அந்தச் சாத்தப்பட்ட கதவும் அந்த வழக்கும்தான். இது கோப்பைக் கணக்கில் வராது. யாருடைய காலணியிலும் இது அச்சாகாது.

'அடுத்தவர்' என்னும் சந்தை

1992-இல் மயாமி அணிக்கு ஹெரால்ட் மைனர் என்ற இளைஞர் வந்தார். கல்லூரியிலேயே அவருக்கு 'பேபி ஜோர்டான்' என்று பெயர். வளையத்தில் பாய்ந்து பந்தைத் திணிக்கும் போட்டியில் இரண்டு முறை வென்றார். நான்கே சீசன்களில் அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. 1994-இல் கிராண்ட் ஹில். முதல் ஆண்டிலேயே ரசிகர் வாக்கில் முதலிடம். கணுக்கால் காயம் அவருடைய சிறந்த ஆண்டுகளைத் தின்றது. பிறகு வின்ஸ் கார்ட்டர். ஜோர்டான் படித்த அதே பல்கலைக்கழகம் என்பதே போதுமானதாக இருந்தது.

பிறகு கோபி பிரயண்ட். நடை, திரும்பும் விதம், பின்னோக்கிச் சாய்ந்து எறிவது, எல்லாவற்றிலும் ஜோர்டானைப் படித்துப் படித்துத் தன்னை அந்த அச்சில் வார்த்தவர். 5 கோப்பைகள், ஒரே ஆட்டத்தில் 81 புள்ளி. 2003-இல் அவர் மீது பாலியல் வன்கொடுமைப் புகார் எழுந்தது. புகார் கொடுத்த பெண் சாட்சி சொல்ல முன்வராததால் குற்ற வழக்கு கைவிடப்பட்டது. உரிமையியல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 'மகத்துவம்' பற்றிய பட்டியல்கள் இந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. நாம் குதிக்கக் கூடாது.

ஏன் இப்படி ஒருவர் மாற்றி ஒருவரைத் தேடினார்கள்? ரசிகர்களின் ஏக்கம் ஒரு பக்கம். சந்தை இன்னொரு பக்கம். 1984-இல் நைக்கி நிறுவனம் ஜோர்டானோடு ஒப்பந்தம் போட்டது. மறு ஆண்டு 'ஏர் ஜோர்டான்' ஷூ வந்தது. 1991-இல் ஒரு பான விளம்பரம் குழந்தைகளை அவரைப் போல ஆகச் சொன்னது. ஓர் ஆட்டக்காரர் ஒரு பண்டத்தின் பெயரானார். ஆட்டக்காரர் ஓய்வு பெறலாம். பண்டம் ஓய்வு பெறக் கூடாது. எனவே 'அடுத்தவர்' தேவை.

அந்த ஷூவைத் தைத்தது யார்? 1992-இல் ஓர் அமெரிக்க மாத இதழ், இந்தோனேசியாவில் நைக்கிக்காக ஷூ தைத்த ஒரு பெண் தொழிலாளியின் சம்பளச் சீட்டை அப்படியே வெளியிட்டு, அதை ஜோர்டானின் விளம்பர வருமானத்தோடு ஒப்பிட்டது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1998-இல் அந்த நிறுவனத்தின் தலைவரே தங்கள் பெயர் அடிமைக் கூலிக்கு மறுபெயராகிவிட்டதை ஒப்புக்கொண்டு, சீர்திருத்தம் அறிவிக்க நேர்ந்தது.

மௌனமும் அதன் விலையும்

1990-இல் வடக்கு கரோலினாவில் செனட் தேர்தல். ஒரு பக்கம் சார்லட் நகரின் முதல் கறுப்பின மேயரான ஹார்வி கான்ட். மறு பக்கம் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ். சமூக உரிமைச் சட்டங்களை ஆயுள் முழுக்க எதிர்த்தவர். ஜோர்டான் அந்த மாநிலத்தின் செல்லப் பிள்ளை. கான்ட்டுக்கு வெளிப்படையாக ஆதரவு கேட்டார்கள். அவர் மறுத்தார். எதிர்க்கட்சிக்காரர்களும் ஷூ வாங்குகிறார்களே என்ற பொருளில் அவர் சொன்னதாக ஒரு வாசகம் பிறகு பரவியது. அது அணித் தோழர்களிடையே சொன்ன நகைச்சுவை என்றும், தேர்தல் நிதிக்குப் பணம் அனுப்பியதாகவும் 2020-இல் அவர் விளக்கினார். ஹெல்ம்ஸ் வென்றார்.

அதே புல்ஸ் அணியில் கிரெய்க் ஹாட்ஜஸ் என்றொருவர் இருந்தார். மூன்று புள்ளி எறியும் போட்டியில் 1990, 1991, 1992 என மூன்று ஆண்டு தொடர்ந்து வென்றவர். 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் ரோட்னி கிங்கை அடித்து நொறுக்கினார்கள். அந்த ஆண்டு இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தைப் புறக்கணிக்கலாம் என்று ஹாட்ஜஸ் ஜோர்டானிடமும் மேஜிக் ஜான்சனிடமும் கேட்டார். அவர்கள் ஏற்கவில்லை. கோப்பை வென்று அணி வெள்ளை மாளிகைக்குப் போனபோது, ஹாட்ஜஸ் ஆப்பிரிக்க உடையான டஷிகி அணிந்து போய், கறுப்பின மக்களின் நிலை பற்றி அதிபர் புஷ்ஷுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். 1992-இல் அணி அவரை விடுவித்தது. வேறெந்த அணியும் எடுக்கவில்லை. 1993-இல் எந்த அணியிலும் இல்லாமலே வந்து அந்த எறியும் போட்டியில் கலந்துகொண்டார். 1996-இல் லீக் மீது வழக்குத் தொடுத்தார். தள்ளுபடியானது. அவர் மாற்று வீரர்தானே, ஆட்டம் குறைந்துவிட்டது என்பது மறுதரப்பின் வாதம். உலகின் தலைசிறந்த மூன்று புள்ளி எறிபவருக்கு 27 அணிகளில் ஓர் இடம்கூட இல்லை என்பதை நம்ப வேண்டுமானால் நம்பிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் நான் ஜோர்டானுக்காகவும் ஒன்று பேச வேண்டும். அதே காலத்தில் பாஸ்டனின் லாரி பேர்டும் பெரிய நட்சத்திரம். எந்தத் தேர்தலில் யாரை ஆதரிக்கிறீர்கள் என்று அவரை யாரும் குடையவில்லை. வெள்ளை வீரர் ஆடினால் போதும். கறுப்பின வீரர் ஆடவும் வேண்டும், இனத்துக்குப் பதில் சொல்லவும் வேண்டும். இந்த இரட்டைச் சுமையை நாம் யார் தலையில் ஏற்றுகிறோம் என்று யோசிக்க வேண்டும். ஜோர்டான் பிற்காலத்தில் மாறினார் என்பதும் பதிவில் இருக்கிறது. 2016-இல் போலீஸ் வன்முறை குறித்து அறிக்கை வெளியிட்டார். 2020-இல் தன் பிராண்டோடு சேர்ந்து, இன சமத்துவத்துக்காகப் பத்தாண்டுகளில் 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். 2010 முதல் சார்லட் அணியின் பெரும்பான்மை உரிமையாளராகவும் இருந்தார். 2023-இல் அதை விற்றபோது, வீரர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவரான அந்த லீக்கில் கறுப்பினப் பெரும்பான்மை உரிமையாளர் ஒருவர்கூட இல்லாமல் போனார்.

எனவே என் விமர்சனம் அவர் மௌனமாக இருந்தார் என்பதற்காக மட்டும் இல்லை. அந்த மௌனத்தையே 'தொழில்முறை நேர்த்தி' என்று பாடமாக்கி, ஹாட்ஜஸை மறந்துபோன வரலாற்றெழுத்தின் மீதுதான்.

லெப்ரான் எங்கே நிற்கிறார்?

எண்களில் லெப்ரான் ஜோர்டானைப் பல இடங்களில் தாண்டிவிட்டார். 2023 பிப்ரவரியில் கரீம் அப்துல்-ஜப்பாரின் 38,387 புள்ளிகளைக் கடந்தார். 2024-இல் 40,000-ஐத் தொட்ட முதல் வீரரானார். மூன்று வெவ்வேறு அணிகளோடு 4 கோப்பை. 2016-இல் 73 வெற்றிகள் கண்ட கோல்டன் ஸ்டேட் அணியிடம் 3-1 என்று பின்தங்கி, அங்கிருந்து வென்றது இறுதிச்சுற்று வரலாற்றில் முதல்முறை. மறுபக்கம், 10 இறுதிச்சுற்றுகளில் 6 தோல்வி. ஜோர்டான் ரசிகர்கள் விடாமல் சொல்வது இதைத்தான். இறுதிக்கு வந்து தோற்பதை விட, முன்னாலேயே தோற்று வெளியேறுவது எப்படிப் பெருமை ஆகும் என்று லெப்ரான் ரசிகர்கள் திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் சரியான கேள்விகள்தான்.

ஆனால் லெப்ரான் ஜோர்டானின் வாரிசு இல்லை. நடத்தையில் அவர் ராபர்ட்சன், ரஸ்ஸல் ஆகியோரின் பரம்பரைக்கு அருகில் நிற்கிறார். 2012-இல் ட்ரேவான் மார்ட்டின் கொலையானபோது மயாமி அணியினர் அனைவரும் தலைமூடிச் சட்டையோடு தலை குனிந்து நிற்கும் படத்தை வெளியிட்டார். 2014-இல் எரிக் கார்னரின் கடைசி வார்த்தைகள் எழுதிய சட்டையை அணிந்தார். 2018-இல் ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளர் அவரை வாயை மூடிக்கொண்டு பந்தைத் தட்டச் சொன்னார். அதே ஆண்டு லெப்ரான் தன் சொந்த ஊரான ஆக்ரனில் பின்தங்கிய குழந்தைகளுக்கான அரசுப் பள்ளி ஒன்று தொடங்கக் கைகொடுத்தார்.

அவரும் குறையற்றவர் அல்ல. 2019-இல் ஹாங்காங் போராட்டத்துக்கு ஓர் அணி நிர்வாகி ஆதரவு சொன்னபோது, விவரம் தெரியாமல் பேசிவிட்டார் என்று லெப்ரான் அந்த நிர்வாகியைக் குறை சொன்னார். சீனச் சந்தை எவ்வளவு பெரியது என்பதும், அங்கே ஷூ எவ்வளவு விற்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். 1990-இல் கேட்ட அதே சந்தையின் குரல் 2019-இலும் கேட்டது.

யாரும் சொல்லாத பெயர்

வாரிசு யார் என்ற பட்டியலில் இன்று அந்தோணி எட்வர்ட்ஸ் பெயர் அடிபடுகிறது. ஏதென்ஸில் நைஜீரியக் குடியேறிகளுக்குப் பிறந்து, தெருவில் பொருள் விற்று வளர்ந்த யானிஸ் பெயர் வருகிறது. செர்பியாவின் யோகிச், பிரான்சின் வெம்பன்யாமா பெயர்கள் வருகின்றன. ஒரு பெயர் மட்டும் வருவதே இல்லை.

மாயா மூர். 2011-இல் ஜோர்டான் பிராண்ட் ஒப்பந்தம் செய்த முதல் பெண் கூடைப்பந்து வீராங்கனை. மினசோட்டா லின்க்ஸ் அணிக்கு 2011, 2013, 2015, 2017 என 4 கோப்பைகள். 2014-இல் லீக்கின் மிகச் சிறந்த வீராங்கனை. இரண்டு ஒலிம்பிக் தங்கம். 2016 ஜூலையில், போலீஸ் சுட்டுக் கொன்ற கறுப்பின ஆண்களின் பெயர் பொறித்த சட்டையோடு அவரும் அணித் தோழிகளும் களம் வந்தார்கள். பாதுகாப்புக்கு வந்திருந்த போலீசார் சிலர் எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறினார்கள்.

2019-இல், உச்சத்தில் இருந்தபோது, மூர் ஆட்டத்தை நிறுத்தினார். காயம் இல்லை. மிசௌரியில் 16 வயதில் கைதாகி, 50 ஆண்டு சிறைத் தண்டனை பெற்ற ஒரு கறுப்பினத்தவரின் வழக்கில் நீதி கேட்டு வேலை செய்வதற்காக. 2020 மார்ச்சில் தண்டனை ரத்தானது. ஜூலையில் அவர் வெளியே வந்தார். மூர் மறுபடி ஆடவில்லை. 2023-இல் ஓய்வை அறிவித்தார்.

அதே 2020 ஆகஸ்டில், ஜேக்கப் பிளேக் சுடப்பட்டதைக் கண்டித்து யானிஸின் மில்வாக்கி அணி பிளே-ஆஃப் ஆட்டத்தில் ஆட மறுத்தது. மற்ற அணிகளும் நிறுத்தின. 1991-இல் ஹாட்ஜஸ் கேட்டது 29 ஆண்டு கழித்து நடந்தது. அதே மாதம் பெண்கள் லீக்கின் அட்லாண்டா வீராங்கனைகள், தங்கள் அணியின் உரிமையாளரும் செனட்டருமான கெல்லி லோஃப்லரையே எதிர்த்து, அவருக்கு எதிராக நின்ற ரஃபேல் வார்னாக்கின் பெயர் பொறித்த சட்டை அணிந்தார்கள். 2021 ஜனவரியில் வார்னாக் வென்றார்.

என் தீர்ப்பு

கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். 1988 முதல் 1998 வரையிலான ஜோர்டானை விடச் சிறப்பாகக் கூடைப்பந்து ஆடியவர் இல்லை என்றே நினைக்கிறேன். மிக நீண்ட காலம் மிகச் சிறப்பாக ஆடியவர் லெப்ரான். மிகப் பெரிய மனிதர் யார் என்று கேட்டால், தயங்காமல் ரஸ்ஸல் என்பேன். 2022 ஜூலை 31-இல் அவர் இறந்த பிறகு 6-ஆம் எண்ணை லீக் முழுவதும் ஓய்வு பெறச் செய்தார்கள். என்.பி.ஏ.வில் வேறெவருக்கும் கிடைக்காத மரியாதை அது.

'அடுத்தவர் யார்?' என்ற கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. அது ஒற்றை நாற்காலியைப் போட்டு, அதில் ஒருவரை மட்டும் உட்காரச் சொல்கிறது. மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்ட வேண்டும். பிப்பன், ஹாட்ஜஸ், சக் கூப்பர், மூர், ஷூ தைத்த அந்தப் பெண் யாருக்கும் அங்கே இடமில்லை. இயக்கங்களும் இந்தப் பொறியில் விழுவதுண்டு. கூட்டத்தில் முன்னால் நின்று பேசியவரின் பெயர் அறிக்கையில் வரும். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்த பெண்ணின் பெயர் வராது. தலைவர் மறைந்ததும் 'அடுத்தவர் யார்?' என்று தேடுவோம். அவர் கட்டிய சங்கத்துக்குச் சந்தா வசூலிக்க இன்று யார் போகிறார் என்று கேட்க மாட்டோம்.

மாணவத் தோழர்களே, இந்தச் சண்டையைத் தாராளமாகப் போடுங்கள். எண்களை மனப்பாடம் செய்யுங்கள். கூடவே மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மனிதருக்கு முன்னால் கதவைத் திறந்தவர் யார்? இவர் பக்கத்தில் நின்று குறைந்த கூலி வாங்கியவர் யார்? இவர் தனக்குப் பின்னால் வருபவர்களுக்காக எந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்?

1964-இல் அந்த அறைக்குள் இருந்தவர்களில் யார் சிறந்தவர் என்று அன்றிரவு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கதவு சாத்தியிருந்தது. எல்லோரும் உள்ளே இருந்தார்கள். அதனால்தான் வென்றார்கள்.